வாசிப்பார் இல்லாத எழுத்து

சோற்றிலே கல் ஒன்று அகப்பட்டால் அதனைப் பெருந்துன்பமென்று எவரும் கூறார். கல்லை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு மேலே உண்போம். ஆயினும் நாடோறும் உண்ணும் சோற்றிலே நாடோறும் ஒரு கல் பல்லிற் கடிபடுமானால், அரிசியைக் களைந்தவர் யார் என்று வினாவத் தோன்றுமன்றோ? இன்று நான் எழுத எடுத்துக்கொண்ட பொருளும் அத்தகைய ஒரு சிறு கல்லே.

அக்குறணையிலிருந்து கண்டிக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவு தூரம். யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியின் தொடக்கப் பகுதி அது. தூரம் சிறிதாயினும் பிரயாணம் சிறிதன்று. வாகன நெரிசலிலே பஸ் வண்டி ஊர்ந்து செல்லும். ஊர்ந்து செல்லும் வண்டியில் ஆசிரியன் ஒருவன் என்ன செய்வான்? கண்ணிற் பட்ட எழுத்தையெல்லாம் வாசிப்பான். முப்பது ஆண்டுகளாக மாணவரின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திவந்த கை, சிவப்பு மைப் பேனாவைத் தேடும். வீதியோரத்துப் பெயர்ப்பலகைகளைத் திருத்த மை எங்கே? ஏணிதான் எங்கே?

வண்டியிலிருந்து நான் கண்ட ஒன்றைச் சொல்லுகின்றேன். எங்கள் ஊரின் பெயர் ஒரு பலகையிலே ‘அக்குறணை’ என்றிருந்தது. சிறிது தொலைவில் மற்றொன்றிலே ‘அக்குரணை’ என்றிருந்தது. பின்னுமொன்றிலே ‘அகுரண’ என்று கிடந்தது. ஊர் ஒன்று, பெயர் மூன்று. வெளியூரிலிருந்து வந்த ஒருவர், ‘அகுரண’ என்பது அடுத்த ஊர் போலும் என்று எண்ணினால் அவரைக் குறைகூற இயலுமா?

‘அகுரண’ என எழுதியவர் பிழை செய்தார் என்று சொல்லுதல் எளிது. அவர் ஏன் அவ்வாறு எழுதினார் என்று ஆராய்தல் நன்று. சிங்களத்திலே இவ்வூர்ப்பெயரில் ஒரு ககரமே உண்டு. அதனை எழுத்துக்கு எழுத்தாகத் தமிழில் இறக்கினால் ‘அகுரண’ என்றே வரும். கணக்குச் சரி; ஒலிதான் பிழை. சிங்களத்திலே வல்லொலிக்கு ஓர் எழுத்தும் மெல்ல ஒலிப்பதற்கு வேறோர் எழுத்தும் உண்டு. தமிழிலோ இரண்டிற்கும் ஒரே ககரந்தான். அது சொல்லின் நடுவே உயிரின் பின் தனித்து நின்றால் நெகிழ்ந்து ஒலிக்கும்; இரட்டித்து நின்றால் வலித்து ஒலிக்கும். ‘பகை’ என்பதையும் ‘பக்கம்’ என்பதையும் ஒலித்துப் பார்த்தால் இவ்வேறுபாடு விளங்கும். ஆகவே, சிங்களவர் ஒலிக்கும் ஒலியைக் காப்பாற்ற வேண்டித்தான் நம் முன்னோர் ககரத்தை இரட்டித்தனர்.

ஈற்றிலே ‘ண’ ஏன் ‘ணை’ ஆயிற்று? தமிழிலே பெயர்கள் அகரத்தில் முடிதல் அரிது. வடமொழியில் ஆகாரத்தில் முடியும் சொல் தமிழுக்கு வரும்போது ஐகாரம் பெறும் என்று நன்னூலார் பதவியலிலே விதி வகுத்தார். ‘மாலா’ என்பது ‘மாலை’ ஆனது அவ்வாறே. நம் மலைநாட்டு மக்கள் நன்னூல் கற்று ஊர்ப்பெயர் வைத்தவரல்லர். ஆயினும் அவர் நாவிலே அதே இயல்பு நின்று தொழில் செய்தது. மாத்தளை, கம்பளை, பேராதனை, தெல்தோட்டை, கட்டுகஸ்தோட்டை என்னும் பெயர்களை நோக்குக. எல்லாம் ஐகாரத்தில் முடிந்து, வேண்டிய இடத்தில் ஒற்று இரட்டித்து, நாவிற்கு இசைவாய் அமைந்திருக்கின்றன. ‘கம’ என்று முடியும் பெயர் சில இடங்களிற் ‘காமம்’ ஆயிற்று; கதிர்காமம், வத்துகாமம் என்பன காண்க. றகரம் ஏன் என்று மாணவர் சிலர் வினாவுவர். அது வழக்கு. நிலைத்துவிட்ட வழக்கை ஆளுக்கொரு விதமாக மாற்றுதல் குழப்பத்தையே தரும்.

பிறமொழி ஒலியைத் தன்மொழி எழுத்தில் அடக்குதல் ஒரு கலை. அக்கலை இம்மண்ணுக்குப் புதிதன்று. கண்டியிற் பிறந்து, 1882ஆம் ஆண்டிலே ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெவ்வையின் காலத்திலே அரபுத்தமிழ் நன்கு வழங்கியது. அரபு நெடுங்கணக்கில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருந்த எழுத்துக்களுக்குப் புள்ளியும் குறியும் கூட்டிப் புதிய எழுத்துக்களை அமைத்துக்கொண்டவர் நம் முன்னோர். ஓர் ஒலி பிழைத்துப்போகலாகாது என்று அத்துணைக் கவலை கொண்டவரின் ஊரிலே, ஊர்ப்பெயரே மூன்று விதமாக நிற்கின்றது.

“இஃது ஒரு பெரிய விடயமா, ஐயா?” என்று ஒருவர் என்னைக் கேட்டார். இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறி விடையிறுப்பேன்.

இலங்கையிலே பஸ் வண்டி ஒன்றில் கருவுற்ற தாய்மாருக்கென ஒதுக்கிய இருக்கையின் மேல் எழுதப்பட்ட அறிவித்தல் நாடெங்கும் பேசப்பட்டது. ‘தாய்மார்’ என்பதிலே தகரம் நகரமாய் மாறி, ‘நாய்மார்’ என்று நின்றது. படம் கைப்பேசிதோறும் பரவியது. எல்லாரும் நகைத்தனர். உண்மையைச் சொன்னால் நானும் நகைத்தேன். பின்பு எண்ணிப் பார்த்தேன். கருவைச் சுமந்து, கால் கடுத்து, அந்த இருக்கையை நோக்கி வரும் ஒரு பெண் அதனை வாசித்திருப்பாள். அவளுக்கு நகை வந்திருக்குமா?

மற்றையது என் மாணவி ஒருத்தியைப் பற்றியது. அவளுக்கு இங்கே ஸாஜிதா என்று பெயரிட்டுக்கொள்வோம். க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்குத் தோற்றுவதற்கு அடையாள அட்டை வேண்டும். விண்ணப்பத்தோடு பத்திரங்களை ஒப்பிட்டபோது, ஓரிடத்தில் ‘ஸாஜிதா’ என்றும் மற்றோரிடத்தில் ‘ஸஜிதா’ என்றும் இருந்தது. சிங்களத்தில் எழுதிய பெயரைத் தமிழுக்கு மாற்றியபோது யாரோ ஒருவர் ஒரு காலை விட்டுவிட்டார். இரண்டும் வேறு வேறு பெயர்களாகவே வழங்குவன. இருவரும் ஒருவரே என்று நிறுவச் சத்தியக்கடதாசி வேண்டும். கிராம உத்தியோகத்தரின் கடிதம் வேண்டும். பதிவாளரின் முத்திரை வேண்டும். தந்தையார் நாட்கூலிக்கு உழைப்பவர். பெயரிலே ஒரு கால் விடுபட்டமைக்காக அவருடைய இரு கால்களும் மூன்று நாள் நடந்தன. மூன்று நாட் கூலியும் போயிற்று. எழுத்துப் பிழைக்கு விலை உண்டு. அந்த விலையைப் பிழை செய்தவர் செலுத்துவதில்லை.

நம்மவரிற் பலர் இதற்கெல்லாம் ஒரே விடை வைத்திருக்கின்றனர்: “சட்டம் வேண்டும்!” சட்டம் இல்லையா? 1956ஆம் ஆண்டின் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1958இல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம், தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டுமென்றது. அடுத்த ஆண்டிலே பதினாறாம் திருத்தம் அதனை விரித்தது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டது. மொழியுரிமை மீறப்பட்டோர் அவ்வாணைக்குழுவிடம் முறையிடலாம். 2007இல் வந்த சுற்றுநிருபமொன்று, புதிதாக அரச சேவையிற் சேர்வோர் மற்றை அரசகரும மொழியையும் குறித்த காலத்துட் கற்றல் வேண்டுமென விதித்தது. ஏட்டிலே குறைவில்லை.

சட்டமிருந்தும் தமிழ் அடியோடு விடுபட்ட இடங்கள் உண்டு. 2021ஆம் ஆண்டு மே மாதத்திலே, கொழும்பிற் சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியோடு அமைந்த நூலகத்தின் நினைவுப்பலகையிலே சிங்களமும் ஆங்கிலமும் சீனமும் இருந்தன, தமிழ் இல்லை. விடயம் வெளிப்பட்டதும் அப்பலகை அகற்றப்பட்டது. சட்டத்தைக் காக்கும் மனையிலேயே சட்டம் மறதிக்கு உள்ளாயிற்று. இத்தகைய விடுபாடுகளை முறையிட்டே தீர்த்தல் வேண்டும், அதில் ஐயமில்லை.

ஆனால் நான் இங்கே பேசுவது தமிழ் இல்லாத பலகையைப் பற்றியன்று. தமிழ் இருந்தும் இல்லாத பலகையைப் பற்றி. சட்டம் தமிழைப் பலகைக்குக் கொண்டுவரும். அதனை வாசித்துப் பார்க்க ஓர் ஆளைக் கொண்டுவருவது சட்டத்தால் இயலுமா?

ஒரு பலகை பிறக்கும் வழியைச் சிறிது நோக்குவோம். அலுவலகத்திலே வாசகம் சிங்களத்தில் எழுதப்படுகின்றது. மொழிபெயர்ப்பாளர் இருந்தால் அவரிடம் போகும். இல்லையேல், சற்றுத் தமிழ் தெரிந்த ஒருவரிடமோ, கைப்பேசியின் மொழிபெயர்ப்புக் கருவியிடமோ போகும். அங்கிருந்து பலகை செய்யும் கடைக்குச் செல்லும். கடையிலிருப்பவருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு எழுத்து என்பது ஒரு சித்திரம். தகரமும் நகரமும் அவர் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். ளகரமும் னகரமும் ஒன்றுவிட்ட சகோதரர். கணினியும் அவரைக் கைவிடும். பழைய எழுத்துருவில் தட்டிய வாசகத்தை, அவ்வெழுத்துரு இல்லாத வேறொரு கணினியிலே திறந்தால் தமிழ் பொருளற்ற குறிகளாய்ச் சிதறும். யுனிகோட் முறையில் தட்டினாலும், தமிழை ஒழுங்காகக் கோக்கத் தெரியாத வரைகலைச் செயலியிலே ஒற்றைக்கொம்பு தன் மெய்யைவிட்டு விலகி அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். வாசகம் அச்சாகும், பலகை ஏறும், பணம் கொடுபடும். இத்தனை கை மாறிய அந்த எழுத்தை, தமிழ் தெரிந்த ஒரு கண் ஒருமுறையேனும் வாசித்ததா? இல்லை. எழுதுவார் பலர், வாசிப்பார் ஒருவருமில்லை.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய நோயன்று. பிரித்தானியாவின் வேல்ஸ் நாட்டிலே வீதிப்பலகைகள் ஆங்கிலத்திலும் வெல்ஷ் மொழியிலும் இருத்தல் முறை. 2008ஆம் ஆண்டிலே சுவான்சி நகரில், பார வாகனங்கள் உட்செல்லலாகாது என்று ஒரு பலகை வைக்க விரும்பினர். ஆங்கில வாசகத்தை மொழிபெயர்ப்புக்கு மின்னஞ்சலில் அனுப்பினர். உடனே வெல்ஷ் மொழியில் ஒரு விடை வந்தது. அதனை அவ்வாறே பலகையிற் பொறித்து வீதியில் நட்டனர். அவ்விடையின் பொருள் யாது? ‘இப்பொழுது அலுவலகத்தில் இல்லை, மொழிபெயர்க்க வேண்டியவற்றை அனுப்பிவைக்கவும்’ என்பதே! மொழிபெயர்ப்பாளர் இல்லாதபோது கணினி தானே அனுப்பும் விடை அது. வெல்ஷ் தெரிந்த ஒருவர் ஒரு கணம் பார்த்திருந்தால் அப்பலகை எழுந்திராது. சுவான்சியிலும் பகை இல்லை, வாசிப்பார்தாம் இல்லை.

இவ்வளவும் எழுதிய நான் குற்றமற்றவனா? ஒரு செய்தியை மறைத்தல் தகாது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலையின் விளையாட்டுப் போட்டிக்கு அயலூர்ச் சிங்களப் பாடசாலையிலிருந்து ஆசிரியரும் மாணவரும் வந்திருந்தனர். குடிநீர்ப் பானையின் மேல் சிங்களத்திலும் ஓர் அறிவித்தல் இருத்தல் வேண்டுமென்று நான் விரும்பினேன். எனக்குச் சிங்களம் தெரியும் என்பதிலே எனக்குச் சிறிது பெருமையும் உண்டு. நானே எழுதி ஒட்டினேன். சிங்களத்திலே தண்ணீரை ‘வத்துர’ என்பர். அம்மொழியின் வகரமும் சகரமும் வடிவில் நெருங்கியவை. என் கை வகரத்திற்குச் சகரத்தை இட்டுவிட்டது. ‘சத்துர’ என்றால் அம்மொழியிலே சாமர்த்தியம் உடைமை என்று பொருள். நம் ‘சதுரப்பாடு’ என்னும் சொல்லுக்கு உறவு. ஆக, தாகமுற்று வந்தவரையெல்லாம் சாமர்த்தியத்தைப் பருக வருமாறு பண்டிதன் அழைத்திருந்தான்!

வந்த ஆசிரியருள் முதியவர் ஒருவர் நீர் அருந்தினார். அறிவித்தலைப் பார்த்தார். சிறு முறுவல் ஒன்று தோன்றி மறைந்தது. என் பக்கத்தில் வந்து, “சேர், பேனா ஒன்று தாருங்கள்” என்று மெல்லக் கேட்டார். ஓரெழுத்தைத் திருத்தினார். பேனாவைத் திருப்பித் தந்து, “தண்ணீர் நல்ல குளிர்ச்சி” என்று மாத்திரம் சொன்னார். அவர் கைப்பேசியிற் படம் எடுக்கவில்லை. மற்றையோரை அழைத்துக் காட்டவில்லை. என் பிழையிலே தம் மொழிக்கு இழிவு நேர்ந்ததென்று சினக்கவுமில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் செய்ததை நான் ஒரு நாளேனும் செய்ததுண்டா? பிழைப் பலகைகளை எத்தனை ஆண்டுகளாகக் கண்டு நகைத்தும் சினந்தும் வந்திருக்கின்றேன்! அவற்றில் ஒன்றுக்காயினும் உரிய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேனா? இல்லை. ஆசிரியர் அறையிலே கதையாக்கினேன், அவ்வளவே.

ஆகவே, குறைகூறுவதோடு நில்லாது நான்கு யோசனைகளை ஆசிரியப் பெருமக்கள்முன் வைக்கின்றேன்.

முதலாவது, ஊர்ப்பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு பிரதேச சபையின் எல்லைக்குள்ளும் உள்ள ஊர், வீதி, ஆறு, பாலம் ஆகியவற்றின் பெயர்களைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழியிலும் நிரல்படுத்துதல் வேண்டும். ஊர் முதியோரும் இருமொழி ஆசிரியரும் கூடியிருந்து வழக்கை ஆராய்ந்து ஒரு வடிவத்தைத் துணிதல் வேண்டும். அதனைப் பிரதேச செயலகத்திலும் சபையிலும் பலகை செய்யும் கடைகளிலும் தொங்கவிடலாம். சிறு ஊர்ப்பகுதிக்கு இரண்டு தாள் போதும்.

இரண்டாவது, பரிசோதித்தவர் கையொப்பம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பதிப்பித்த நூல்களின் முகப்பை நோக்குக. ‘பரிசோதித்து’ அச்சிடப்பட்டது என்னும் குறிப்பு அங்கே காணப்படும். நூல் செய்தவர் ஒருவர்; பரிசோதித்தவர் ஒருவர். பின்னவர் தம் பெயரைக் கொடுத்துப் பொறுப்பேற்றார். அம்முறையைப் பலகைக்கும் கொண்டுவருவோம். அச்சுக்குப் போகுமுன் இறுதி வடிவத்தின் கீழே தமிழ் அறிந்த ஒருவர் வாசித்துக் கையொப்பமிடுதல் வேண்டும். கையொப்பம் இல்லாத பலகைக்குக் கணக்காளர் பணம் கொடுக்கலாகாது. பணத்தின் வழியிலே வைக்கும் காவலே உறுதியான காவல்.

அக்கையொப்பத்துக்கு ஆள் எங்கே என்று வினாவலாம். அதுவே மூன்றாவது யோசனை. தமிழ்மொழிப் பாடசாலை ஒவ்வொன்றிலும் ஓர் ஆசிரியர் முன்வரட்டும். அயலிலுள்ள அலுவலகமோ கடையோ அனுப்பும் வாசகத்தை ஒரு நாளுக்குள் திருத்தி அனுப்புவதாக ஏற்கட்டும். ஊதியம் வேண்டா. பத்துச் சொல்லைத் திருத்தப் பத்து நிமிடமும் செல்லாது. உயர்வகுப்பு மாணவரைக் கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை தம் ஊர்வீதியின் பலகைகளை எழுதுவித்து, பிழை ஒரு நிரலிலும் திருத்தம் மற்றொரு நிரலிலுமாக அமைத்து, சிங்களத்தில் ஒரு வணக்கமான கடிதத்தோடு உரியவர்க்கு அனுப்பலாம். இலக்கண பாடம் வீதியிலே நடந்ததாகவும் இருக்கும். இக்கைம்மாறு ஒருவழிப்பட்டதாதல் ஆகாது. நம் பாடசாலைகளின் சிங்கள அறிவித்தல்களை அயலூர்ச் சிங்கள ஆசிரியரிடம் காட்டித் திருத்தம் பெறுதல் வேண்டும். தன் பிழையைக் காட்டுபவனுக்கே பிறர் பிழையைக் காட்டும் உரிமை உண்டு.

நான்காவது பெற்றோருக்கு உரியது. பிள்ளையின் பிறப்பைப் பதியச் செல்லுமுன், பெயரை மும்மொழியிலும் ஒரு தாளில் எழுதி, எழுத்தறிந்த இருவரிடம் காட்டி, அத்தாளையே பதிவாளரிடம் கொடுங்கள். எழுதி முடித்ததும் கையொப்பமிடுமுன் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். குறிலா, நெடிலா? ரகரமா, றகரமா? அன்று செலவிடும் ஐந்து நிமிடம், பதினாறு ஆண்டின் பின் மூன்று நாளை மீட்டுத் தரும்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலே வந்த புயல் கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகளைப் பிளந்து சென்றதை நாம் மறந்திலோம். அப்புயலின் பெயரைக்கூடத் ‘தித்வா’ என்றும் ‘டிட்வா’ என்றும் தமிழ்ப் பத்திரிகைகள் இருவிதமாக எழுதின. அது போகட்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்தை மூன்று படிகளாக அறிவிக்கும். முதலாவது விழிப்பாயிருக்கச் சொல்லும். இரண்டாவது ஆயத்தமாகச் சொல்லும். மூன்றாவது வெளியேறச் சொல்லும். மலையடிவாரத்திலே மழையிரவில் ஒரு குடும்பம் அவ்வறிவித்தலைத் தமிழில் வாசிக்கின்றது என்று எண்ணிப் பாருங்கள். அந்த வாசகத்திலே ஒரு வினைச்சொல் பிழைத்தால், அல்லது எழுத்துச் சிதறிக் கிடந்தால், கொப்பியிலே சிவப்பு மையாற் சுழித்துவிட்டுப் போகும் பிழையா அது?

பஸ் இருக்கையின் மேல் ஓரெழுத்தைச் சரிபார்க்கும் பழக்கம் இல்லாத நாட்டிலே, அபாய அறிவித்தலிலே மாத்திரம் அப்பழக்கம் திடீரென வந்துவிடாது. பழக்கம் சிறியவற்றிலேதான் தொடங்கும். ஆகையினாற்றான் இந்தச் சிறு கல்லை நான் பெரிதாகப் பேசினேன்.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் ஒரு கடிதம் எழுதினேன். ‘அகுரண’ என்னும் பலகையை வைத்தவருக்கு, சிங்களத்தில், எட்டு வரி. அனுப்புமுன் அயலூர் முதிய ஆசிரியரிடம் காட்டினேன். இரண்டு இடங்களில் திருத்தினார்.